‘கழற்றாதே’ என்று எழுதியிருந்த பெட்டி

போன வாரம் அத்தையைத் திட்டி எழுதிய வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பெற்ற மகன் ஒற்றைப் பையோடு வீட்டை விட்டுப் போகும்போது தடுக்காமல், அவன் குடிக்காமல் வைத்துப்போன காபியை எடுத்துக் குடித்த தாயை நீங்கள் எங்குமே பார்த்ததில்லை என்கிறீர்கள். நானும் பார்த்ததில்லை. என்ன செய்வது, இந்த அத்தை அப்படித்தான். "கோபம் அவனுக்கு. நான் எதுக்கு நடக்கணும்? எனக்கு முட்டி வலி" என்று சொல்லிவிட்டு மருமகளோடே தங்கிவிட்டாள்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். அக்கம்பக்கத்தில் அவனை லிஃப்ட்காரன் என்றே சொல்வார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக மணிக்கணக்கில் ஆறுதல் பேசுகிறவன், சொந்த வீட்டில் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். இப்போது ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறான்.

இன்று மாலை ஐந்து மணிக்கு வக்கீலம்மா வீடியோவில் வருவார். கணவனும் மனைவியும் திரையில் முகம் காட்டி, பிரிந்துபோகச் சம்மதம் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவர் கோர்ட்டில் மனுப் போட்டுவிடுவார், முடிந்தது.

இன்று காலையிலிருந்தே மூடுபனி. எதிர்வீட்டு மாடி பாதிதான் தெரிந்தது. தெருவில் போகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாமல் வந்து, எங்கே போனார்கள் என்று தெரியாமல் போனார்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது.

மருமகள் துணி அலமாரிக்குள் உட்கார்ந்திருந்தாள். கோபித்துக்கொண்டு இல்லை, அதுதான் அவளுடைய வேலையிடம். புத்தகங்களைப் படிக்க நேரமில்லாதவர்கள் காதால் கேட்பதற்காக அவள் குரல் கொடுக்கிறாள். தலைக்கு மேல் துணிகள் தொங்கும் அந்த இருட்டுக்குள் மைக்கை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டால், வெளி உலகம் காதில் விழாது. இந்த வாரம் மேகங்களைப் பற்றிய புத்தகம். குழந்தைகள் புத்தகம் எதையும் அவள் ஒப்புக்கொள்வதில்லை. ஒலிப்புத்தகக் கம்பெனியிலும் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

"இந்த வகை மேகம் மழை தருவதில்லை. வருமோ என்று நினைக்க மட்டும் வைத்துவிட்டுக் கலைந்துபோகும்" என்று படித்தாள். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மறுபடி படித்தாள். மறுபடியும் கிணறு. அண்ணாந்து பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அலமாரியின் ஒரு பக்கம் காலி. அவனுடைய சட்டைகள் இருந்தவரை எதிரொலியை அவை வாங்கிக்கொண்டிருந்தன. அவை இல்லாமல் அவள் சொல்வதெல்லாம் மரப்பலகையில் பட்டு அவளிடமே திரும்பி வந்தது.

'ஒரு போர்வையை மடிச்சுத் தொங்கவிட்டா சரியாயிடும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

சட்டைகளைக் கட்டி அனுப்பச் சொன்னவளும் அவள்தான். நேற்று, "அவர் கையெழுத்து இருக்கிற சாமான் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக்கூடாது, அத்தை" என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டாள். அது சுலபமான காரியமில்லை. லிஃப்ட்காரன் எதைக் கண்டாலும் வெள்ளை டேப்பை ஒட்டி, கறுப்பு மையில் எழுதுகிறவன். எண்ணெய்ப் பாட்டிலில் ‘மூடவும்’. மோட்டார் சுவிட்சில் ‘பத்து நிமிஷம் போதும்’. அத்தையின் மாத்திரை டப்பாவில் ‘அம்மா, சாப்பிட்டாச்சா?’ அத்தை அந்த டேப்பை மட்டும் உரித்துவிட்டு, டப்பாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் ஏறி, காலையிலேயே ஒர்க்‌ஷாப் வேனில் போய்விட்டது.

மதியம் மேகப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தைக் கம்பெனிக்கு அனுப்ப உட்கார்ந்தாள். அனுப்ப முடியவில்லை. வேறு பக்கத்தைத் திறந்தாள். ‘முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்றது கம்ப்யூட்டர். அதற்கடுத்த பக்கத்துக்கும் அதே பதில்.

"அத்தை, நெட்டு வரலை!"

"அப்படியா?" என்றாள் அத்தை. அந்த ‘அப்படியா’வில் கவலை என்பது மருந்துக்கும் இல்லை. "பனியா இருக்கில்ல. அதுக்கும் குளிரும் போல."

"விளையாடாதீங்க. அஞ்சு மணிக்கு வக்கீலம்மா வராங்க."

"வரட்டுமே. நெட்டு இல்லைன்னா போயிடுவாங்க."

அத்தை கண் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எத்தனை அவசரம் என்று வந்தவரையும் "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று உட்கார வைத்தே பழகியவள். விவாகரத்தையும் அப்படியே உட்கார வைத்துவிடலாம் என்பது அவளுடைய எண்ணம்.

மருமகள் ரவுட்டரைப் பார்த்தாள். விளக்குகள் எல்லாம் ஒழுங்காகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அணைத்துப் போட்டாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டாள். வை-ஃபை வந்தது, கோடுகள் நிறைய வந்தன, பக்கம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அந்த வீட்டுக்குள் போன் சிக்னலும் ஒழுங்காக எடுக்காது. ஜன்னலில் எட்டி நின்றால் ஒரே ஒரு கோடு. பேசலாம், வீடியோவெல்லாம் நடக்காது. காபிக் கடையில் வை-ஃபை இருக்கிறதுதான். ஆனால் நாலு பேர் கேக் தின்றுகொண்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்தா ‘பிரிந்துபோகச் சம்மதம்’ என்று சொல்வது?

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வயரைப் பிடுங்கினாள். அப்போதுதான் அவளுக்கு அந்தப் பழைய வாரம் ஞாபகத்துக்கு வந்தது. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்து, அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு திரும்பிய வாரம் அது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, எதையோ முடுக்கிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தான். "என்ன பண்றீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள். "நெட்டைச் சரி பண்றேன்" என்று பதில் வந்தது.

என் பிள்ளை போயிருக்கு, இந்த மனுஷன் நெட்டைச் சரி பண்றாரு! அந்த ஒரு வாக்கியம் முள்ளாகத் தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகு வந்த சண்டைகளுக்கெல்லாம் வேறு வேறு காரணம் இருந்தது; ஆனால் எல்லாமே இந்த முள்ளில்தான் போய்க் குத்தின.

அந்த நாட்களில் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் ஏதாவது கேட்டுத் தொலைத்தார்கள். அவளிடம் இங்கிதமாக நடந்துகொண்டது கம்ப்யூட்டர் மட்டும்தான். முதல் நாள் போனில் ஒரு தொட்டில் விளம்பரம் வந்தது. அவள் போனைச் சுவரில் எறிந்தாள். பிறகு அந்த மாதிரி ஒன்றுகூட வரவில்லை. உலகத்துக்குக் கொஞ்சமாவது மனசு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஜன்னலோரம் நின்று இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "எங்க ஆஸ்பத்திரியில இவ்வளவு நேரம் உட்கார வைச்சா ஒரு மாசப் பத்திரிகையாவது கொடுப்போம்" என்றாள்.

கடைசியில் ஒரு பெண்குரல் வந்தது. ஜலதோஷம் பிடித்த குரல். ஆனால் பொறுமையான குரல்.

"உங்க லைன் நல்லாத்தான் இருக்கு, மேடம். வீட்டு வரைக்கும் வந்து போகுது. பக்கம் எதுவும் திறக்கலையா?"

"ஒண்ணுகூட இல்லை."

"அப்ப டி.என்.எஸ். பிரச்சினையா இருக்கலாம். நீங்க ஒரு தளத்தோட பேரை அடிக்கிறீங்க. மெஷினுக்குப் பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். ‘இந்தப் பேருக்கு என்ன நம்பர்?’னு அது ஓரிடத்துல கேட்கும். அந்த இடம் பதில் சொல்லலைன்னா, ரோடு நல்லா இருந்தும் போக வேண்டிய வீடு தெரியாத கதைதான்."

"கண் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல ஆள் இல்லாத மாதிரி" என்றாள் அத்தை பெருமையாக.

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்று அந்தப் பெண் சிரித்து, கூடவே தும்மினாள்.

அவள் சொன்னபடி மருமகள் ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஆச்சரியம், ஒரு பக்கம் திறந்தது. பேர் இல்லாமல் நம்பராகவே கேட்டதால் திறந்தது என்றாள் போன் பெண். உள்ளே போய்த் தேடி, டி.என்.எஸ். என்று போட்டிருந்த கட்டத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினாள் மருமகள். கடைசியில் ஏழு என்று முடிந்தது.

"இது எங்க நம்பர் இல்லை, மேடம். உங்க வீட்டுக்குள்ளயே இருக்கிற ஏதோ ஒரு மெஷினோட நம்பர். வீட்டு நெட்டு மொத்தமும் அதுகிட்டதான் வழி கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப அது இல்லை போல. சின்னப் பெட்டி ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லையே."

"சில பேர் வீட்ல விளம்பரம் வராம இருக்க வைப்பாங்க. வேண்டாத பேர் கேட்டு வந்தா, அப்படி யாருமே இல்லைன்னு சொல்லி அனுப்பிடும். சரி, அது எதுக்கு இப்ப. அந்த நம்பரை அழிச்சிட்டு ‘தானாக’ன்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுத்துச் சேமிங்க. ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. ஆனா ஏழுன்னு முடியற அந்த நம்பரை எங்கேயாவது குறிச்சு வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்னா உதவும்."

குறிக்க வேண்டிய தேவை இல்லை. கடைசி இலக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ரவுட்டர் அடியில் ஒட்டியிருந்த நம்பரேதான். ஏழு மறக்கிற எண்ணா?

அழித்தாள், சேமித்தாள், அணைத்துப் போட்டாள். நெட்டு வந்துவிட்டது. மேக அத்தியாயம் ஒரு மூச்சில் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. நான்கு மணிகூட ஆகவில்லை. மருமகள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஜெயித்த மாதிரி இருந்தது.

பனி எப்போது விலகும் என்று பார்ப்போமே என்று வானிலைப் பக்கத்தைத் திறந்தாள்.

பக்கத்தின் வலது ஓரத்தில் இரண்டு குட்டிக் காலணிகள் இருந்தன. நீல நிறம். கட்டைவிரல் அளவு முடிச்சு. மேலே எழுதியிருந்தது: ‘உங்கள் செல்லத்துக்கு அடுத்த மாதம் ஒரு வயது! முதல் அடிக்கு மெத்தென்ற காலணி.’

அவளுக்கு ஒன்றும் தலைகால் புரியவில்லை. பக்கத்தை மூடி, அகராதிப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே பல் முளைக்கும் குழந்தை கடிக்க ரப்பர் வளையம். செய்திப் பக்கத்தில் நடைவண்டி. ‘உங்கள் செல்லம்’, ‘உங்கள் செல்லம்’ என்று எல்லாப் பக்கமும் கூப்பிட்டது.

அப்புறம் மெதுவாக ஞாபகம் வந்தது. மூன்றாம் மாதத்தில், சந்தோஷம் தாங்காமல், ஒரு குழந்தைச் சாமான் கடையின் பக்கத்தில் பிரசவத் தேதியைப் பதிந்து வைத்திருந்தாள். அந்தக் கடைக்கு யாரும் துக்கச் செய்தி சொல்லவில்லை. அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் அவள் குழந்தை பிறந்துவிட்டது. குப்புற விழுந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது பிடித்திருந்தது. கூடத்துக் கோடியில், பனி வெளிச்சத்தில், நீலக் காலணி போட்ட ஓர் ஆள் தடுமாறி நிற்பது போலத் தோன்றியது. கை நீளப் போயிற்று. அப்புறம் அந்த இடத்தில் வெறும் தரை இருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இத்தனை நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது? வாசலில்தான் இருந்தது. தினமும் வந்து தட்டியிருக்கிறது. தட்டும்போதெல்லாம் ஏதோ ஒன்று, அப்படி யாருமே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறது.

"அத்தை..."

அவள் குரலைக் கேட்டு அத்தை முட்டி வலியை மறந்து ஓடிவந்தாள்.

"நேத்து மாடிப்படிக்குக் கீழேயிருந்து ஏதாவது எடுத்தீங்களா? சின்னப் பெட்டி?"

"ஆமா. வெள்ளைப் பெட்டி, சோப்பு டப்பா அளவு. காலையில வேன் வந்தப்புறம்தான் ஞாபகம் வந்து பிடுங்கிப் போட்டேன். அதுலயும் எழுதி ஒட்டியிருந்தானே, ‘கழற்றாதே’ன்னு."

"கழற்றாதேன்னு எழுதியிருந்ததைப் படிச்சுட்டுமா கழட்டினீங்க?"

"படிச்சேன். அதனாலதான் கழட்டினேன். கையெழுத்து இருக்கிறதெல்லாம்னு நீதானே சொன்ன?" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்தது அப்பாவித்தனமா, வேறு ஏதாவதா என்று எனக்கும் தெரியவில்லை.

மருமகள் திரையைக் காட்டினாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலணிகளைப் பார்த்தாள்.

"அந்த வாரம் நான் அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்றாள் பிறகு. "இடுக்குல குனிஞ்சு உட்கார்ந்திருந்தான். டார்ச்சை வாயில கவ்வியிருந்தான். கண்ணுல தண்ணி ஊத்துது. என்னடான்னேன். வாயில டார்ச்சு இருக்குல்ல, பதில் சொல்லாம தப்பிச்சுட்டான்."

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?"

"எதுக்கு அழறான்னு எனக்கே தெரியாதே, கண்ணு. வயர் வேலைன்னு நெனச்சேன்." அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவன் தொழில்ல ‘கழற்றாதே’ன்னு எழுதி ஒட்டறது எப்ப தெரியுமா? லிஃப்ட் கூண்டுல ஆள் இருக்கிறப்ப. கீழே எவனாவது தெரியாம சுவிட்சைத் தொட்டா உள்ளே இருக்கிற ஆள் கதை முடிஞ்சுது. அதான் எழுதி ஒட்டிட்டுத்தான் கையை எடுப்பான்."

உள்ளே இருந்த ஆள் அவள்தான். அதை அத்தை சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

மருமகள் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். ரவுட்டர் பக்கத்தைத் திறந்தாள். ‘தானாக’ என்பதை எடுத்துவிட்டு, டி.என்.எஸ். கட்டத்தில் பழைய நம்பரை, கடைசியில் ஏழு வரும்படி, ஒவ்வோர் இலக்கமாக அடித்தாள். சேமித்தாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள். பக்கத்தை மறுபடி திறந்தபோது நீலக் காலணிகள் போயின. வானிலை போயிற்று. எல்லாப் பக்கங்களும் முகவரி தெரியாமல் நின்றன.

"சரியாயிடுச்சுன்னியே?" என்றாள் அத்தை.

"இல்லை அத்தை. கெட்டுப்போச்சு."

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஒற்றைக் கோடு இருந்தது. வெளியே பனி தெருவிளக்கு வரைக்கும் வந்து நின்றிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுத்தான்.

"சொல்லு."

"நெட்டு வரலை."

"அஞ்சு மணிக்கு மீட்டிங் இருக்கே" என்றான். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரல். வீட்டில் அவள் கேட்காத குரல். "பயப்படாத. நான் சொல்ற மாதிரி பண்ணு. ரவுட்டர் பக்கத்தைத் திறந்தா ஒரு நம்பர் இருக்கும். அதை எடுத்துட்டுத் தானாகன்னு மாத்தினா வந்துடும். ஆனா..."

"ஆனா?"

"வந்தப்புறம் மீட்டிங்கை மட்டும் திற. பேசி முடிச்சதும் மூடிடு. வேற எதையும் திறக்காத. செய்தி, வானிலை, எதுவும் வேண்டாம்."

பிரிந்துபோகும் மீட்டிங்குக்கே வழி சொல்லிக்கொடுக்கிறான். அதிலும் அவள் கால் தடுக்கிவிடக்கூடாது என்று பார்க்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது.

"திறந்துட்டேன்" என்றாள்.

போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"வானிலையைத் திறந்தேன். காலணி வந்துது. நீலக் கலர். அடுத்த மாசம் ஒரு வயசாம்."

இந்தத் தடவை அவன் வாயில் டார்ச் இல்லை. இருந்தும் பேச்சு வரவில்லை.

"ஏன் சொல்லலை நீங்க?"

"சொன்னேனே" என்றான் கடைசியில், உடைந்துபோய். "நெட்டைச் சரி பண்றேன்னு சொன்னேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொண்டையில் இத்தனை நாள் நின்ற முள் அசைந்தது. வலித்தது. ஆனால் அசைந்தது.

"பழைய நம்பரையே திருப்பிப் போட்டுட்டேன்" என்றாள். "கடைசியில ஏழு. இப்ப இந்த வீட்ல எதுவும் திறக்காது. வக்கீலம்மாவும் வரமாட்டாங்க. அலமாரியில என் குரல் கிணத்துக்குள்ள கேட்கிற மாதிரி கேட்குது. என்னால சரி பண்ண முடியலை. ஆள் வந்து பார்க்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ கனமான ஒன்று தரையில் இழுபடும் ஓசை கேட்டது. அப்புறம் சர்ரென்று ஒரு நீளச் சத்தம். இன்னொன்று. அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பைக் கிழிக்கும் சத்தம் அது. காலையில் ஒட்டும்போது கேட்டதைத் திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது. அதோடு ஜன்னலின் ஒற்றைக் கோடும் போய், லைன் அறுந்தது.

சுவர்க்கடிகாரத்தில் ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அத்தை அருகில் வந்து நின்றாள்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலை, அத்தை" என்றாள் அவள், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "பெட்டியைப் பிரிக்கிறார்."